சூடான பீங்கானும் ஒரு துளித் தண்ணீரும்

மதினியின் உள்ளங்கையில் கிடந்த வெள்ளைப் பீங்கான் சில்லு நகத்தைவிடச் சற்றே நீளம். நடுவில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு. என் மூத்த சகோதரர் நானாவைக் கட்டிக்கொண்டு மாத்தளைக்கு வந்த மதினி, பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் வேலை பார்த்தார். வண்டிப் புகையில் ஒட்சிசன் எவ்வளவு மிஞ்சுகிறது என்று சொல்லும் சென்சர் ஒன்றை வடிவமைத்து, எல்கடுவ மலைக்கு நான் ஓட்டும் பஸ்ஸில்தான் பரீட்சித்துக்கொண்டிருந்தார்.

சென்சரின் உயிரான இந்தச் சில்லுக்குள்ளேயே சூடேற்றும் இழை பதிந்திருந்தது. தணலாகக் காய்ந்தால்தான் அது புகையை அறியும். ஆறிக் கிடந்தால் வெறும் பீங்கான். ஆய்வுகூட மேசையில் அருமையாக வேலை செய்த சில்லுகள் பஸ்ஸில் பூட்டியதும் ஒவ்வொன்றாக வெடித்தன. ரோட்டின் குலுக்கல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிடிமானத்தை மாற்றியும் பலனில்லை. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு சில்லு. அதுவும் போனால் இந்த வேலையையே கைவிடச் சொல்லிவிட்டார் ஆய்வுகூடப் பேராசிரியர்.

மூடுபனி விலகாத ஒரு காலையில், எல்கடுவவில் நிறுத்தியிருந்த பஸ்ஸை ஸ்டார்ட் மட்டும் பண்ணச் சொன்னார் மதினி. புகைக்குழாயருகே குந்தி, வரும் புகையில் கையை நீட்டினார். உள்ளங்கையெல்லாம் நீர்த்துளி.

“ரோட்டுல குறையில்ல தம்பி. குழாய்க்குள்ள தண்ணி நிக்குது.”

டீசல் எரியும்போதே நீராவி உண்டாகிறதாம். அது குளிர்ந்த குழாயில் துளியாகி, தணலான பீங்கானில் தெறிக்கிறது. சூடான கண்ணாடிக் கோப்பை பச்சைத் தண்ணீர் பட்டு வெடித்த கதைதான்.

மதினி வடிவமைப்பை மாற்றினார். குழாய் காயும்வரை சில்லு இளஞ்சூட்டில் காத்திருக்கும். பிறகே மெல்ல மெல்லச் சூடேறும். துளியை வெளியே தடுத்து, புகையை மட்டும் வளைத்து உள்ளே விடும் இரட்டைச் சுவர் மூடி ஒன்றும் வந்தது. மறுபடி அதே மலை, அதே குளிர். கணினித் திரையில் ஒட்சிசன் அளவைக் காட்டும் கோடு எழுந்தது. நான் எக்சலேட்டரை மிதித்து டீசல் கூட எரிந்தால் தாழ்ந்தது, விட்டால் ஏறியது. நெருப்பிலும் புகையிலும் நிற்கும் ஒரு சில்லு என் காலசைவைச் சொல்கிறதே என்று எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

“எஞ்சினை நிப்பாட்டுங்க தம்பி. நல்லா ஆறட்டும், திரும்ப ஸ்டார்ட் பண்ணுவோம்.”

இருப்பது இது ஒன்றுதானே, முதலில் பேராசிரியரிடம் காட்டிவிடலாம் என்று கெஞ்சினேன்.

“ஒரு தடவ தப்பினது தற்செயலா இருக்கலாம். அத நம்பி அடுத்தவங்க வண்டியில பூட்ட ஏலுமா?”

தேயிலைக் கொழுந்துக்காரப் பெண்கள் மலையேறிப் போனார்கள். பஸ் படியில் உட்கார்ந்திருந்த மதினி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுப் போய், குழாய் ஆறிவிட்டதா என்று பார்த்தார். குழாய் குளிர்ந்ததும் ஸ்டார்ட் பண்ணினேன். காத்திருந்தோம். கோடு எழுந்தது, சில்லு வெடிக்கவில்லை. அப்போதுதான் மதினி அழுதார்.

இன்று நான் ஓட்டும் புது பஸ்ஸில் அப்படியொரு சென்சர் பூட்டியே வந்திருக்கிறது. அதைச் செய்தது யாரென்று எனக்குத் தெரியாது. கைக்கு வந்த வெற்றியை நம்பாமல், எங்கோ ஒருவர் எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டிருப்பார் என்பது மட்டும் தெரியும்.