கருவாட்டு உடுக்கு

தோல், மரம், ஓலை என்று பூச்சி தின்னக்கூடியதெல்லாம் எங்கள் அருங்காட்சியகத்தில் என் பொறுப்பு. நேற்று, கண்டாவளையிலிருந்து வந்த பழைய உடுக்கொன்றைப் பொதியிலிருந்து எடுத்ததும் அடுப்புப் புகை மணத்தது. புகைக்கு அடியில் இன்னொன்றும் மணத்தது.

மாங்குளத்தில் என் பெரியப்பாதான் அம்மன் கோயிலில் உடுக்கடிப்பவர். தோலைப் பூச்சி அரிக்காமலிருக்க, எங்கள் குசினி அடுப்புக்கு மேலே உடுக்கைக் கட்டித் தொங்கவிடுவார். அதே கயிற்றில்தான் அம்மா கருவாட்டையும் தொங்கவிடுவா.

ஒருமுறை, ஊரே மீன் மச்சம் தின்னாமல் விரதமிருந்த கோயில் பொங்கலன்று, பெரியப்பா சன்னதியில் நின்று உடுக்கடித்தார். பூனைகள் ஒவ்வொன்றாக வந்து அவர் முன்னால் குந்தின. பூசாரியார் மூக்கைப் பொத்தினார்.

"என்னடாப்பா மணக்குது?"

"ஆட்டுத்தோல் ஐயா."

"ஆடு எப்பவடா கடலுக்குப் போனது?"

பெரியப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தார். பசி தாங்காமல் பூனைகள் கத்தின. பூனைகளுக்கும் அருள் வந்துவிட்டதென்று சனம் கைகூப்பியது. அம்மாதான் முதலில் கும்பிட்டவா.

"ஒரு ஓட்டைகூட இல்லை. என்ன மருந்து பூசியிருப்பினம்?" என்று அருங்காட்சியகத்தில் என்னோடு வேலைசெய்யும் வாசுகி கண்டாவளை உடுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு பூனை வந்து குந்திவிட்டது.