பாஸ்வேர்டு மாறிய வாரம்

தெருவில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பேசாமல் என்ன செய்வாள்? அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கடையில் பேரம், பள்ளிக்கூடத்தில் பஞ்சாயத்து, ஆஸ்பத்திரியில் நோவு, எல்லாம் அவள் வாயால்தான் நடந்தன. வீட்டுக்குள் கை, வாசலைத் தாண்டினால் வாய். அப்படி வளர்ந்தவளுக்குப் பிற்பாடு அதுவே சோறும் போட்டது.

இப்போது அவள் வீட்டில் இருந்தபடியே சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேட்காத ஒருவர் டாக்டரிடமோ பேங்கிலோ பேச வேண்டுமென்றால் வீடியோவில் இவளைக் கூப்பிடுவார். அவர் கையால் சொல்வதை இவள் போனில் வாயால் சொல்வாள். எதிர்முனை சொல்வதைக் கையால் திருப்பிச் சொல்வாள். மத்தியானம் முழுக்க அவளுடைய முறை. பிறர் அந்தரங்கம் என்பதால் அறைக் கதவு சாத்தியே இருக்க வேண்டும். சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. வாயாடிக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது, ஆனாலும் அந்த வேலை அவளுக்கு உயிர்.

அந்த உயிருக்குத்தான் உலை வைத்தது நெட்டு. காலையில் பிய்த்துக்கொண்டு ஓடும். மத்தியானம் அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் நொண்டும். தினமும் நொண்டினால் அதற்கேற்ப ஏதாவது வழி பண்ணலாம். இது ஒரு நாள் வழுக்கிக்கொண்டு போகும், மறுநாள் அதே நேரத்தில் படம் சிலையாக நிற்கும். குரல் விட்டுவிட்டு வந்தால் ஊகித்துக்கொள்ளலாம், கை பாதியில் நின்றால் எதை ஊகிப்பது? ஒரு பெரியவர் மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்றாரா, நிறுத்தலாமா என்று கேட்டாரா தெரியாமல் அவள் திரும்பத் திரும்பக் கேட்க, டாக்டர் எரிந்து விழுந்தார். அன்றே மேற்பார்வை அம்மாள் போன் செய்தாள்.

"இன்னொரு தடவை படம் நின்னுச்சுன்னா உங்க இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கம்மா. என்னால தடுக்க முடியாது."

அதிலிருந்து வாயாடி குட்டி போட்ட பூனையாக வீட்டைச் சுற்றினாள். மோடத்தைச் செருப்பு ஸ்டாண்டு மேல் வைத்தாள், ஜன்னலில் வைத்தாள், பீரோ மேல் ஏற்றினாள். மைக்ரோவேவ் அடுப்பு அலையைக் குழப்பும் என்று எங்கோ படித்துவிட்டு அதன் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். டாக்ஸி ஓட்டும் புருஷன் ராத்திரி வந்து ஆறிப்போனதைத் தின்றுவிட்டு, "குழந்தை மாதிரி இடுப்புலயே தூக்கிட்டுத் திரியற. அதுக்கு ஒரு பேரையும் வெச்சுரு," என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் ஒரு மத்தியானம் லீவு போட்டு, நெட்டு கம்பெனி லைன்காரரை வரவழைத்தாள். அவர் கம்பம் முதல் சுவர் வரை பார்த்து, லைன் சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு தன் கருவியைச் செருகிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார். அப்பா போன பிறகு இவர்களோடு வந்து இருக்கும் அம்மா, அவருக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, தையல் துணியோடு பின்கட்டு அறைக்குள் போனாள்.

"உங்க வீட்டுக்கு வர்ற பாதை அகலம். வெளிய போற பாதை ஒத்தையடி," என்றார் லைன்காரர். "அதுல யாரோ ஓயாம எதையோ அனுப்பிட்டே இருக்காங்க. அது அடைச்சா உங்க படம் நிக்கத்தான் செய்யும். வீட்டுல வேற யாரு நெட்டு உபயோகிக்கறாங்க?"

"நான் ஒருத்திதான். இவரு ரோட்டுல இருப்பாரு."

"அப்ப யாருன்னு பாருங்க. வெட்டணும்னுகூட இல்ல, அவங்க பங்கைக் கொஞ்சம் குறைச்சு வெச்சா ரெண்டும் ஓடும்."

பங்காவது ஒன்றாவது! திருடனுக்கு என்ன பங்கு? மாடி வீட்டு இன்சூரன்ஸ்காரர் தன் நெட்டு படுத்துவிட்டது என்று எப்போதோ ஒரு நாள் பாஸ்வேர்டு கேட்டதும், இவள் தாராளமாகக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தன. லைன்காரர் படி இறங்குவதற்குள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். அந்த மனிதருக்கென்றே யோசித்து வைத்த புது பாஸ்வேர்டு: திருட்டுக்கழுதை. அதைத் தன் கம்ப்யூட்டரிலும் புருஷன் போனிலும் போட்டாள். அவ்வளவுதான், வேறு யாரும் அவள் கணக்கில் இல்லை.

நெட்டு பறந்தது. ஒரு நாள்கூட நிற்கவில்லை. மேற்பார்வை அம்மாளே பாராட்டினாள். வாயாடி மாடிப்படி அருகே நின்று, சில பேருக்கு ஊரான் வீட்டுச் சொத்து என்றால் தனி ருசி என்று காற்றிடம் சொன்னாள். இன்சூரன்ஸ்காரர் ஒன்றும் புரியாமல் வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

இவளுக்குப் படபடப்பு அடங்கியதும் அது அம்மாவைப் பிடித்துக்கொண்டது. மத்தியானத்தில் அம்மா ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். தையல் பாதியில் கிடந்தது. என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று கையை விரித்தாள். மூட்டு வலியாக இருக்கும் என்று மகள் தைலம் வாங்கிக் கொடுத்தாள்.

அந்த வாரக் கடைசியில் வேலையில் ஒரு அழைப்பு வந்தது. கண்ணாடி போட்ட, வயதான ஒரு அம்மாள். இவள் முன்பின் பார்க்காத முகம். உட்கார்ந்த உடனே கைகள் பேசத் தொடங்கின.

"ஒரு வாரமா என் சிநேகிதி திரையில வரல. செய்தி போட்டேன், போய்ச் சேரல. ஹாஸ்டல்ல ஒண்ணாப் படிச்சவ. மத்தியானம் பூரா ரெண்டு பேரும் வீடியோவைத் திறந்தே வெச்சிருப்போம். நான் மகன் வீட்டுக்குப் போற நாள்ல மட்டும் கிடையாது. பேசிட்டே இருக்க மாட்டோம். அவ தைப்பா, நான் காய் நறுக்குவேன். நிமிந்து பாத்தா எதிர்ல ஒரு ஆளு இருக்கும். உங்களுக்கெல்லாம் ரேடியோ இருக்கே, அந்த மாதிரி. அவ மகளுக்குக் காது கேக்கும். போன் போட்டு, அம்மா உசுரோட இருக்காளான்னு மட்டும் கேட்டுச் சொல்லும்மா."

விரல்களால் எண்ணைச் சொன்னாள். பாதி எண் வருவதற்குள் வாயாடியின் பார்வை மேசைக்குப் போய்விட்டது. ஆனாலும் பழகிய விரல் மீதியையும் அழுத்தியது. மேசை மேல் கிடந்த அவளுடைய சொந்த போன் அதிர்ந்தது.

திரையில் படம் இம்மி பிசகவில்லை. அந்த அம்மாளின் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணீர் திரண்டு நிற்பதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. இந்தத் தெளிவு யாரிடமிருந்து பிடுங்கியது என்று இவளுக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. சட்டம் போகட்டும் என்று கதவைத் திறந்து ஓடி, அம்மாவைக் கையோடு இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

இரண்டு கிழவிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு அம்மா கையை உயர்த்தினாள்.

"எனக்கு ஒண்ணுமில்லடி. வீட்டுல நெட்டு கோளாறு. பாவம், என் மகதான் சரி பண்ண அலைஞ்சுட்டே இருக்கா."

சிநேகிதி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

"உன் வேலைக்கு இடைஞ்சல்னு நீயே நிறுத்திட்டேன்னு நினைச்சேன். கேட்டா நீ சங்கடப்படுவேன்னு இருந்துட்டேன்."

வாயாடியின் தம்பி போன தடவை ஊருக்கு வந்தபோது வாங்கிக் கொடுத்து, நெட்டும் போட்டுவிட்டுப் போன டேப்லெட்டை அம்மா புடவை மடிப்பிலிருந்து எடுத்து நீட்டினாள். பாஸ்வேர்டு கேட்டபடி அது காத்திருந்தது. வேறு வழியில்லாமல் வாயாடி ஒவ்வொரு எழுத்தாக விரலால் சொன்னாள். அம்மா தப்பில்லாமல் அடித்து முடித்து, எழுதியதைப் படித்துப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது.

"யாரைத் திட்டி வெச்சிருக்க?"

வாயாடி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.