மெசேஜைப் படித்துச் சொன்னவள்

என் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். ஆந்திராவில் இருக்கிற நகரியில் நானும் ஆறாவது படிக்கும் மகளும்தான். எனக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். அவள் தெலுங்கு மீடியம். பேங்கிலிருந்து தெலுங்கிலும் இங்கிலீஷிலும் வருகிற மெசேஜையெல்லாம் அவள்தான் படித்துச் சொல்வாள்.

போன மாசம் ஸ்கூல் பீஸுக்குப் பணம் எடுக்கப் போனால் அக்கவுண்டு காலி. பேங்கில் இருந்த பெண் பார்த்துவிட்டு, "எல்லாம் போன்ல ஆடுற கேமுக்குப் போயிருக்கு. ஒவ்வொரு தடவையும் மெசேஜ் வந்துக்கீதே, பாக்கலையா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து மகளை உலுக்கினேன். "ரகசிய நம்பரு யாருடி குடுத்தது?"

"நீதாம்மா. கரண்டு பில்லு கட்டச் சொல்லிக் குடுத்த."

"மெசேஜ் வந்தப்பல்லாம் இன்னான்னு கேட்டேனே?"

"ஆஃபருன்னு சொன்னேன்" என்று அழுதாள்.

மறுநாள் அவளைப் பேங்க் வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே போய் ரகசிய நம்பரை மாற்றினேன். இனி ஒரு ரூபாய் போகட்டும், பார்க்கலாம் என்று கறுவிக்கொண்டே வெளியே வந்தேன். அதற்குள் போனில் ஒரு மெசேஜ். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு எழுத்தும் புரியவில்லை.

"இன்னா போட்டுக்கீது, படி" என்று அவளிடமே நீட்டினேன். அவள் சொன்னதை நம்பினேன். வேறு என்ன செய்ய?