சால்னாவை முன்கூட்டியே அறிவித்தவன்

இந்த ஊரில் பிள்ளைகளின் சிறுநீரைப் பற்றிப் பேசுவதற்குப் பெற்றோரை டோனட் கொடுத்து அழைக்கிறார்கள். டெக்சாஸில், கடலைக் கண்ணால் காணாத ஒரு சிற்றூர் இது. பள்ளி உணவுக்கூடத்தில் காப்பி ஊற்றி வைத்து, விளையாட்டு அணிகளில் உள்ள பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துப் போதைப்பொருள் சோதனை செய்யலாமா என்று விவாதம் நடத்தினார்கள். ஒரு தாய், "என் மகன் என்ன குற்றவாளியா?" என்று கண்கலங்கினார். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமெதற்கு என்பதை ஒரு தகப்பன் தன் பாஷையில் சொன்னார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? எழுந்துவிட்டேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஏஜென்ட் ஒருவரிடம் வருடக்கணக்கில் வேலை பார்த்தவன் நான். வரிசையாக நிற்கும் கண்டெய்னர்களில் ஏதோ ஒன்றைக் காட்டி, திற என்பார் கஸ்டம்ஸ் அதிகாரி. அந்தப் பெட்டி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. இதைத்தான் சொன்னேன். முன்வரிசை அம்மாள் திரும்பி, "பிள்ளைகளைச் சரக்கு என்கிறீர்களா?" என்றார். "ஆமாம், ரொம்ப விலையுயர்ந்த சரக்கு" என்றேன், பாராட்டாகவே. யாரும் கைதட்டவில்லை. ஆனாலும் சோதனை வேண்டும் என்ற கட்சியே ஜெயித்தது.

எங்கள் ஊர்ப் பள்ளியில் இதற்கெல்லாம் கூட்டம் ஏது? மத்தியான மணி அடித்ததும் பி.டி. வாத்தியார் வாசலில் நிற்பார். "ஏலே, வாய ஊது." அவ்வளவுதான் சோதனை. பீடி வாடை அடித்தால் முதுகில் ஒன்று வைப்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அப்பாவின் காதில் ஒரு வார்த்தை போடுவார், வீட்டில் இன்னொன்று விழும். கடற்கரை முழுக்கத் தெரிந்துவிடும். ஆனால் மறுநாள் அதே வாத்தியார் அதே பையனைக் கபடிக்கு இறக்கிவிடுவார். அது நல்லதா இது நல்லதா என்று கேட்டால் எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.

முதல் குலுக்கலிலேயே என் மகள் அனிட்டாவின் பெயர் விழுந்தது. நீச்சல் அணியில் இருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை ரிலே போட்டி. அதில் கடைசி ஆளாக நீந்துவதற்காக வருடம் முழுக்க விடியற்காலையில் எழுந்து குளிர்த் தண்ணீரில் இறங்கியவள். "டெஸ்டுக்குக் குடுத்துட்டேன்பா" என்று திங்கட்கிழமை செய்தி அனுப்பினாள். என் கண் அடுப்பிலிருந்த சட்டிக்குப் போனது. முந்தின நாள் கசகசாவைத் தாராளமாக அரைத்து ஊற்றிச் சால்னா வைத்திருந்தேன். பொரித்த பரோட்டாவை அதில் முக்கி முக்கித் தின்றிருந்தாள். கசகசா அபினிச் செடியின் விதை, சோதனையில் காட்டிக்கொடுத்துவிடும் என்று எங்கோ படித்த ஞாபகம்.

துறைமுகத்தில் எங்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு. பெட்டியைத் திறக்குமுன் நாமே போய்ச் சொல்லிவிட வேண்டும். சொன்னவனுக்கு மரியாதை, பிடிபட்டவனுக்கு அபராதம். மிச்சச் சால்னாவை டப்பாவில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன். நர்ஸ் மூடியைத் திறந்து, நல்ல வாசனை என்றார். "இதில் பாப்பி விதை இருக்கிறது. மகளுக்கு நான்தான் கொடுத்தேன்" என்றேன். அவர் முகம் மாறியது. "பாப்பியா? அடிக்கடியா?"

"ஞாயிறுதோறும். சின்ன வயதிலிருந்தே" என்றேன் பெருமையாக. டப்பாவை இரண்டு விரலால் தள்ளி வைத்தார்.

மாலையில் பயிற்சியாளர் போன் செய்தார். முடிவு வரும்வரை அனிட்டா குளத்தில் இறங்கக் கூடாதாம். சோதனைக்குக் கொடுத்த மற்றப் பிள்ளைகள் வழக்கம்போல நீந்தலாம். தகப்பன் வந்து அறிவித்த பிள்ளைக்கு மட்டும்தான் தடை.

"யாருப்பா உங்ககிட்ட கேட்டா?" என்று அனிட்டா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். என் மனைவி ரோஸ்லின் விடுவாளா? "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி!" ஆறுதல் தேடி ஊருக்குப் போன் போட்டேன். துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த சேவியர் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏலே, கசகசாவுக்கா பிள்ளைய நிப்பாட்டுதான்? அப்பம் நம்ம ஊர்ல ஒருத்தனும் கடல்ல எறங்க முடியாதுலே!" நானும் சிரித்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து அழுகைச் சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொண்டேன். நான் திறக்க வைத்த எந்தப் பெட்டியும் அப்படி அழுததில்லை.

சனிக்கிழமை அவள் இடத்தில் வேறொரு பெண் நீந்தினாள். அனிட்டா கரையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தி அவளை உற்சாகப்படுத்தினாள். எனக்குத்தான் பார்க்க முடியவில்லை. போட்டி முடிந்தபிறகு சோதனை முடிவு வந்தது. எதுவுமே இல்லை, சுத்தம். கசகசா அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்தது நான்தான்.

இப்போது ஞாயிறுகளில் எங்கள் அடுப்பில் இரண்டு சட்டி. ஒன்றில் ஊர்க் கசகசா, எனக்கும் ரோஸ்லினுக்கும். மற்றதில் முந்திரி, நீச்சல் சீசன் முடியும்வரை அனிட்டாவுக்கு. போன வாரம் முந்திரிச் சால்னாவில் நனைத்த பரோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். எங்கள் சட்டியின் மூடியைத் தூக்கி, ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டே தன் பரோட்டாவைக் கடித்தாள்.

"மோந்து பாத்தா டெஸ்ட்ல வராதுல்லப்பா?"

"வராது மக்கா. நல்லா மோந்துக்கோ" என்றேன்.

இதை நர்ஸிடம் போய் அறிவிக்கிற உத்தேசம் எனக்கில்லை.