விரிகுடாவில் மிதந்த அங்கிள்

எங்கள் அமெரிக்க ஊரான எடிசனிலிருந்து நானும் மனைவியும் ஒரு சின்ன கரீபியன் தீவுக்குப் போயிருந்தோம். அமைதியான விரிகுடா. டெக்சஸிலிருந்து வந்த தமிழ் அங்கிள் ஒருவர், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, ஆமை தேடி மிதந்தபடியே தூரமாகப் போய்விட்டார்.

"ஐயோ, அவருக்கு நீச்சல் தெரியாது!" என்று கரையில் ஆன்ட்டி கத்தினார். நான் பாய்ந்து நீந்தினேன். அவரை நெருங்கும்போது எனக்குக் கால் பிடித்துக்கொண்டது.

அங்கிள் மேலே போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றி நீட்டினார். "பிடிச்சுக்கோங்க தம்பி. என்னைக் காப்பாத்த வர்றவருக்குன்னுதான் எக்ஸ்ட்ரா ஒண்ணு போட்டுட்டு வந்தேன்."

காலை உதைத்து உதைத்து இருவரும் கரை சேர்ந்தோம். ஆன்ட்டி என்னைக் கும்பிட்டார். நான் வாய் திறப்பதற்குள் அங்கிள், "தம்பி மட்டும் வரலைன்னா நான் அவ்ளோதான்" என்றார்.

என் மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அவர் சொன்னது கேலியா, கருணையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.