பதினேழாம் குழாய்

ஈப்போவில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் பன்னிரண்டு வருடமாக உதவியாளராக இருந்தவர். ஒரு சோதனைக்குழாயில்கூடப் பெயர் மாற்றி எழுதியதில்லை என்று வருவோர் போவோரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். 1983இல் அந்தப் பெருமைக்கே ஆபத்து வந்தது.

மலேரியாவுக்குத் தடுப்பூசி தேடிய காலம். பலமுறை காய்ச்சல் கண்டு, பிறகு அது அண்டாமல் போனவர்களின் ரத்தம் கிருமியின் எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்று தேடினோம். செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அண்ணன் நாற்பது பேரிடம் ரத்தம் எடுத்துவந்தார். பதினேழாம் குழாயின் ரத்தம் மட்டும் கிருமியைப் பிடித்து, நுண்ணோக்கியில் பச்சையாய் மின்ன வைத்தது. குழாயில் இருந்த பெயர் இருளாயி.

இன்னும் ரத்தம் தேவைப்பட்டது. அண்ணன் இருளாயியின் வீட்டுக்கே போய், பயந்தவளைச் சமாதானப்படுத்தி எடுத்துவந்தார். ஒரு புள்ளிகூட மின்னவில்லை.

“குழாய மாத்திட்டீங்க,” என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் சதாசிவம். “வெள்ளிக்கிழமைக்குள்ள சரியான ஆளக் காட்டுங்க. இல்லாட்டி வேலைக்கு வர வேணாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வியாழன் விடியலில் இருவரும் தோட்டத்துக்குப் போனோம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தோட்டத்து எழுத்தரான கிராணி பெயர் வாசிக்க, ஆட்கள் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“இருளாயி!”

“இருக்கேங்க!”

குரல் கொடுத்தவள் இருளாயி இல்லை. அண்ணன் என் கையை இறுக்கினார். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். காய்ச்சலில் கிடந்த தாயின் பெயருக்கு இப்படி எத்தனையோ முறை குரல் கொடுத்திருக்கிறார். ரத்தம் எடுத்த அன்று நாற்பது கைகளைப் பார்த்தவர் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவளை மடக்கினோம். இருளாயியின் நாத்தனார், வீரம்மா.

“அன்னிக்கும் நீதான கை நீட்டின?”

“அவளுக்கு ஊசின்னா பயம்லா அண்ணே. பேரு கூப்பிட்டா யாராச்சும் நிக்கணும்ல? கிராணிக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும். காட்டிக் குடுத்துராதீங்க.”

 அண்ணன் ஊசியை எடுத்தார்.

“கைய நீட்டு தங்கச்சி. நான் பாத்துக்கிறேன்.”

வெள்ளிக்கிழமை கண்ணாடித் தகடு பச்சையாய் மின்னியது. டாக்டர் குதிக்காத குறைதான். உடனே முகம் மாறியது.

“அப்ப இருளாயின்னு எப்படி வந்துச்சு? ஆள் மாறி வந்திருந்தா தோட்டத்துக்கு அறிக்கை அனுப்பணும்.”

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

“அது வீரம்மா ரத்தம் டாக்டர். நான்தான் பேர மாத்தி எழுதிட்டேன்.”

வேலை தப்பியது. ஆனால் ஓய்வு பெறும்வரை குழாய் கழுவ மட்டுமே விட்டார்கள். அதில் பெயர் எழுத மறுபடி விடவே இல்லை.