அடியிலிருந்து உருவிய வட்டம்

அப்பா என் ஆய்வுக்கூடத்துக்கு வந்த அன்று நான் போட்ட சத்தம் கல்லூரி வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பிலுள்ள புரதமெல்லாம் அமினோ அமிலங்களால் ஆனது. விண்கற்களிலும் அவை கிடைத்திருக்கின்றன. காற்றே இல்லாத, கடுங்குளிரான வெளியில் கதிர் பட்டு அவை எப்படி உடைகின்றன, எவ்வளவு மிஞ்சுகின்றன என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. கண்ணாடி இழையால் ஆன வெள்ளை வட்டத் தாளில் அமிலத்தைச் சொட்டி உலர்த்துவோம். காற்றை உறிஞ்சிய பெட்டிக்குள் அதை உறையவைத்துப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுவோம். கரியமில வாயு கழன்று ஓடும், மிச்சம் வேறு பொருளாகிவிடும். உயிருக்கான சரக்கு அந்த வெளியைத் தாக்குப்பிடிக்குமா என்று பனியன் கம்பெனிகளுக்கு நடுவே வளர்ந்த அருள்புரத்துக்காரி ஒருத்தி பார்க்கிறாளே! நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கும்.

அப்பாவுக்குத்தான் புல்லரிக்கவில்லை. கல்யாண வீடுகளில் யாராவது மகள் என்ன பண்ணுகிறாள் என்று கேட்டால், "ஏதோ கெமிக்கலுங்க, நம்ம சாயப்பட்டறையாட்டம்" என்று பேச்சை மாற்றிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பெட்டி எங்கள் கல்லூரியில் இல்லை, கோவையில் வேறொரு இடத்தில் இருக்கிறது. ஒரு வருடம் காத்திருந்து எனக்கு ஒரே ஒரு நாள் கிடைத்திருந்தது, அதுவும் மறுநாள் காலை. தாள்களைச் சூளையில் சுட்டு, ஒட்டியதையெல்லாம் எரித்து, தட்டில் அடுக்கி வைத்திருந்தேன், அமிலம் சொட்டுவதுதான் பாக்கி. கை படவே கூடாது. விரல் வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டு. பட்டுவிட்டால் நான் சொட்டும் அமிலம் எது, வியர்வை எது என்று பிரிக்கவே முடியாது.

அப்பா பனியன் யூனிட் வைத்திருக்கிறார். காதர்பேட்டை பனியன் சந்தைக்குப் போய்விட்டு வரும் வழியில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். நான் கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் தட்டருகே நின்றிருந்தார். எங்கள் ஊரில் துணியின் கனம் பார்க்க வட்டமாக வெட்டித்தான் தராசில் வைப்பார்கள். வெள்ளை வட்டங்களை அடுக்காகப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்குமா? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் என் தாள் ஒன்று.

"இது எத்தன ஜிஎஸ்எம் அம்மிணி? ரொம்ப லைட்டா இருக்குது!"

நான் கத்திய கத்தலில் அவர் தாளை அடுக்கிலேயே செருகிவிட்டார்.

"ஐயோ, எதைங்கப்பா தொட்டீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான் கண்ணு. எதுன்னு எப்படிச் சொல்றது? எல்லாம் ஒரே மாதிரில்ல இருக்குது."

வியர்வையைக் காட்டித்தர ஒரு மருந்து உண்டு, அமினோ அமிலம் இருந்தால் ஊதாவாகும். ஆனால் தெளித்த தாள் வீண். எல்லாவற்றிலும் தெளித்தால் எல்லாமே வீண். மறுபடி சுட்டெடுக்க நேரமில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"உன்ற வேலைய நான் கெடுத்துப்போட்டனா?" என்றார் மெதுவாக.

அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. காதர்பேட்டையில் துணிக்கட்டைப் பிரித்து அவர் சரக்குப் பார்ப்பதைச் சின்ன வயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்!

"அப்பா, மேல இருந்தத எடுத்தீங்களா?"

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "மேல இருக்கறதயா? நானா? நல்லத மேல வெச்சு அடுக்குவாங்கன்னு எனக்குத் தெரியாதா? அடியில உருவித்தான் பாப்பேன், உருவுன எடத்துலயே திருப்பிச் சொருகிப்போடுவேன்!"

துள்ளிக் குதித்தேன். அடித்தாளைக் கிடுக்கியால் எடுத்துப் பாதியாக வெட்டி, ஒரு பாதியில் மருந்து தெளித்துச் சூடு காட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக ஊதா நிறத்தில் ஒரு பெருவிரலின் பாதி எழும்பி வந்தது. மேல்தாளிலும் ஒரு துண்டு வெட்டித் தெளித்தேன், அது வெள்ளையாகவே இருந்தது. அடித்தாளுக்கு அடுத்ததை நம்பாமல் ஒதுக்கினேன். மற்றதெல்லாம் பிழைத்தது!

"அது என்ற கையா?" என்று அப்பா குனிந்து குனிந்து பார்த்தார்.

மறுநாள் பெட்டியின் ஓரத்தில் அவர் தொட்ட தாளின் மறு பாதிக்கும் இடம் கொடுத்தேன். கதிர் பட்டு வெளியே வந்ததும் அதற்கும் மருந்து தெளித்தேன். நிறம் மங்கல்தான், ஆனாலும் விரலின் மறு பாதி தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன்.

"வெயில்ல கெடந்த பனியனாட்டம் வெளுத்துப்போச்சு," என்றார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஆனா முழுசாப் போகல?"

"போகலீங்கப்பா."

அடுத்து வந்த கல்யாணத்தில் யாரோ என்னைப் பற்றி வழக்கம்போல் கேட்டார்கள். அப்பா இலையிலிருந்து கையை எடுத்து, பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தக் கைய வானத்துல வெச்சுப் பாத்துதுங்க எங்க அம்மிணி. பாதி அழிஞ்சும் மீதி நிக்குதுங்க."

வானமில்லை, கோவையில் ஒரு பெட்டி என்று திருத்த வாயெடுத்தேன். அவர் கையை இன்னும் இறக்கவில்லை. திறந்த வாயில் சோற்றைப் போட்டுக்கொண்டேன்.